எபிக், ஸ்டோரி, டாஸ்க்: புது சாஃப்ட்வேர் புராஜெக்டை எப்படிப் பிரிப்பது?

அகல் விளக்கு ஆர்டர் ஆப் முதல் கோவின் தளம் வரை: வேலையைச் சரியாக உடைத்தால் என்ன கிடைக்கும், தவறாக உடைத்தால் யாருக்கு நஷ்டம்? எளிய விளக்கம்.

ஐ.டி. வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே காதில் விழும் வார்த்தைகள் இவை. "இது எந்த எபிக்ல வருது?", "ஸ்டோரி எழுதிட்டியா?", "டாஸ்க்கா உடைச்சுப் போடுப்பா." புதிதாக வருபவர்கள் ஜிராவைத் திறந்து, ஏற்கெனவே இருப்பதைப் பார்த்து, அதே மாதிரி பெட்டிகளை நிரப்பப் பழகிவிடுகிறார்கள். அந்தப் பெட்டிகள் எதற்காக இருக்கின்றன என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை.

பெரிய கம்பெனியில் இது தெரியாவிட்டாலும் காலம் ஓடிவிடும். ஸ்க்ரம் மாஸ்டர், புராடக்ட் ஓனர் என்று பார்த்துக்கொள்ள ஆள் இருப்பார்கள். ஆனால் திட்டக்குடி, விருத்தாசலம், பெண்ணாடம் மாதிரி ஊர்களில் வீட்டில் உட்கார்ந்து, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து சொந்தமாக ஒரு புராஜெக்ட் எடுத்தால், இது தெரியாமல் ஒரு அடி நகர முடியாது. அங்கே கிளையன்ட்டிடம் பேசுவதும் நீங்கள்தான், கோட் எழுதுவதும் நீங்கள்தான், "எப்ப முடியும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான்.

அப்படி ஒரு புராஜெக்டையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

ஒரு கற்பனை கிளையன்ட்

திட்டக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் விருத்தாசலம், செராமிக் தொழிலுக்குப் பெயர் போன ஊர். செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுப் பாலிடெக்னிக் இயங்கும் ஊரும்கூட. அகல் விளக்கு, பொம்மை, மின்சார ஃபியூஸ் கட்டை என்று பலவும் அங்கே சிறு பட்டறைகளில் தயாராகின்றன.

அப்படி ஒரு பட்டறை நடத்துபவர் உங்களுக்கு போன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "தம்பி, ஆர்டர் எல்லாம் நோட்டுலதான் எழுதுறோம். யாருக்கு எவ்வளவு அனுப்பணும், எவ்வளவு உடைஞ்சுது, யாரு பணம் தரணும்னு ஒண்ணும் புரியல. ஒரு ஆப் பண்ணிக் குடு. கார்த்திகைக்கு முன்னாடி வேணும்."

இவ்வளவுதான் தேவை. இதில் தெளிவாக இருப்பது ஒன்றே ஒன்று: தேதி. கார்த்திகை தீபத்தை யாரும் தள்ளிப்போட முடியாது. தீபத்துக்கு மறுநாள் அகல் விளக்கு வாங்கக் கடைக்காரர் வரமாட்டார்.

ஆர்டர் செப்டம்பரில் குவியத் தொடங்கும், வேலையை ஜூலை முதல் வாரம் ஆரம்பிக்கிறீர்கள் என்று கணக்கு வைத்தால், கையில் இருப்பது 8 வாரம். செய்வது இரண்டு பேர். இந்த வேலையை எங்கிருந்து பிரிப்பது?

எபிக் என்றால் என்ன?

எபிக் என்பது ஒரு பெரிய வேலைத் தொகுப்பு. ஒரே மூச்சில் முடிக்க முடியாத அளவுக்குப் பெரியது. ஆனால் முடிந்தால் கிளையன்ட்டுக்கு ஒரு முழுமையான பலன் தெரிய வேண்டும். வழக்கமாகச் சில வாரங்களில் இருந்து சில மாதங்கள் வரை ஆகும்.

நம்ம பட்டறை ஆப்புக்கு எபிக் இப்படி வரலாம்:

* ஆர்டர் எடுப்பது
* தயாரிப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்ப்பது
* உடைசல், இருப்புக் கணக்கு
* பேக்கிங் செய்து அனுப்புவது
* பில், வசூல், பாக்கி

இந்தப் பட்டியலைப் பட்டறைக்காரரிடம் வாசித்துக் காட்டினால் அவருக்கு ஒவ்வொரு வரியும் புரியும். இதுதான் எபிக் சரியாகப் பிரிக்கப்பட்டதா என்று பார்க்க எளிய சோதனை.

புதியவர்கள் பெரும்பாலும் வேறு மாதிரி பிரிப்பார்கள்: "டேட்டாபேஸ்", "பேக்கெண்ட்", "ஸ்கிரீன் டிசைன்", "டெஸ்டிங்". இது டெவலப்பரின் தலைக்குள் இருக்கும் அலமாரி. இப்படிப் பிரித்தால் நான்கு வாரம் கழித்து "டேட்டாபேஸ் முழுசா முடிஞ்சிருச்சு அண்ணே" என்று சொல்லலாம். ஆனால் அவர் கையில் ஒரு ஆர்டரைக்கூடப் பதிய முடியாது. பாதியில் ஏதாவது தவறு தெரிந்தாலும், அதற்குள் பாதி நேரம் போயிருக்கும்.

ஸ்டோரி என்றால் என்ன?

ஒரு எபிக்குக்குள் இருக்கும், ஒரு பயனர் ஒரு காரியத்தைச் செய்து முடிக்கும் அளவிலான சிறு துண்டுதான் ஸ்டோரி. யாருக்கு, என்ன வேண்டும், எதற்கு வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஒரு ஸ்பிரின்ட்டுக்குள், அதாவது ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்குள் முடியக்கூடியதாக இருப்பது அவசியம்.

"உடைசல், இருப்புக் கணக்கு" என்ற எபிக்கை எடுத்துக்கொள்வோம். அகல் விளக்கு தயாராக அச்சில் வார்ப்பது, காயவைப்பது, சூளையில் முதல் சூடு, கிளேஸ் பூச்சு, மறுபடி சூடு என்று பல கட்டங்கள் உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக உடையும், விரிசல் விடும். அதில் இருந்து வரக்கூடிய ஸ்டோரிகள்:

* சூளையைப் பார்த்துக்கொள்பவராக, ஒரு லோடு இறக்கியதும் எத்தனை நல்லது, எத்தனை உடைசல் என்று பதிய வேண்டும். அப்போதுதான் கணக்கு அன்றைக்கே சரியாக இருக்கும்.
* பட்டறை உரிமையாளராக, ஆர்டரைவிட நல்ல விளக்கு குறைந்தால் உடனே தெரிய வேண்டும். அப்போதுதான் மறுபடி வார்க்க நேரம் இருக்கும்.
* பேக்கிங் செய்பவராக, எந்த டிசைன் எத்தனை இருப்பு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இல்லாததைத் தேடி நேரம் போகக் கூடாது.

கவனியுங்கள், மூன்று ஸ்டோரியிலும் ஆள் வேறு. "ஒரு யூசராக நான்..." என்று மொட்டையாக எழுதுவதுதான் நம்மவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. யூசர் என்று ஒருவர் கிடையாது. சூளைக்கு முன்னால் கையெல்லாம் தூசியோடு நிற்பவரும், ஏ.சி. அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவரும் ஒரே யூசர் இல்லை. முன்னவருக்குப் பெரிய எண் பட்டன்கள் போதும். டைப் செய்யச் சொன்னால் அவர் பதியவே மாட்டார். அவர் பதியவில்லை என்றால் மற்ற இரண்டு ஸ்டோரிக்கும் அர்த்தமில்லை.

'முடிஞ்சுது' என்று யார் சொல்வது?

ஸ்டோரியில் அந்த ஒரு வரியைவிட முக்கியமானது, அதற்குக் கீழே வரும் ஏற்பு நிபந்தனைகள். வேலை முடிந்ததா இல்லையா என்று சண்டை வராமல் இருக்க இதுதான் ஆதாரம். உரிமையாளருக்கான ஸ்டோரிக்கு இப்படி எழுதலாம்:

* 1,000 விளக்கு ஆர்டரில் 940 மட்டும் நல்லதாக வந்தால், "60 குறைவு" என்று சிவப்பில் காட்ட வேண்டும்.
* அதே டிசைனில் ஏற்கெனவே 60 இருப்பு இருந்தால் குறைவு காட்டக் கூடாது.
* சிக்னல் இல்லாத இடத்தில் பதிந்தாலும் போனில் சேமித்து, சிக்னல் வந்ததும் தானாகச் சேர வேண்டும்.

இரண்டாவது நிபந்தனையைப் பாருங்கள். நாமே அறையில் உட்கார்ந்து யோசித்தால் அது தோன்றாமல் போகலாம். பட்டறைக்காரரிடம் பேசும்போதுதான் "போன வருஷத்து சரக்கு கொஞ்சம் கிடக்கும் தம்பி, அதையும் சேர்த்துதான் அனுப்புவோம்" என்று வரும். ஸ்டோரி என்ற பெயரே இதற்காகத்தான்.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

1990களின் பிற்பாதியில் அமெரிக்காவின் கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் மென்பொருள் திட்டத்தில் கென்ட் பெக், ரான் ஜெஃப்ரிஸ் உள்ளிட்டோர் வேலை செய்தார்கள். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற முறை அங்கே உருவானது. நூற்றுக்கணக்கான பக்கங்களில் தேவைகளை எழுதிக் கையெழுத்து வாங்கும் பழக்கத்துக்குப் பதிலாக, பயனர் தன் வேலையைக் கதையாகச் சொல்ல, அதை ஒரு சின்ன அட்டையில் குறித்துக்கொண்டார்கள்.

2001-ல் ரான் ஜெஃப்ரிஸ் இதை மூன்று சொற்களில் சுருக்கினார்: அட்டை, உரையாடல், உறுதிப்படுத்தல். அட்டையில் இருப்பது ஞாபகக் குறிப்பு மட்டும். விவரம் உரையாடலில் கிடைக்கும். ஏற்பு நிபந்தனை அதை உறுதி செய்யும். "யாராக, என்ன வேண்டும், எதற்காக" என்ற வாய்ப்பாடு அதே காலத்தில் பிரிட்டனின் கனெக்ஸ்ட்ரா என்ற நிறுவனத்தில் பிறந்தது. பெரிய ஸ்டோரியை எபிக் என்று அழைக்கும் வழக்கம் பரவியதில், 2004-ல் யூசர் ஸ்டோரி பற்றித் தனிப் புத்தகமே எழுதிய மைக் கோனுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு சுவாரஸ்யமான விஷயம்: ஸ்க்ரம் முறையின் அதிகாரபூர்வ வழிகாட்டியில் எபிக், யூசர் ஸ்டோரி என்ற வார்த்தைகளே கிடையாது. புராடக்ட் பேக்லாக் என்ற பட்டியல் இருக்க வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. அதை எப்படி அடுக்குவது என்பது உங்கள் குழுவின் விருப்பம். ஆக, "ஸ்க்ரம்ல இப்படித்தான் எழுதணும்" என்று யாராவது அதட்டினால் பயப்பட வேண்டாம்.

டாஸ்க் என்றால் என்ன?

ஸ்டோரி கிளையன்ட்டின் மொழி. டாஸ்க் டெவலப்பரின் மொழி. ஒரு ஸ்டோரியை முடிக்க நாம் செய்ய வேண்டிய தொழில்நுட்ப வேலைகள்தான் டாஸ்க். டேட்டாபேஸ், ஸ்கிரீன் எல்லாம் இங்கேதான் வர வேண்டும். "சூளை லோடு பதிவு" ஸ்டோரிக்கு:

* லோடு, டிசைன், நல்லது, உடைசல் ஆகியவற்றுக்கு டேபிள் உருவாக்குவது
* பெரிய எண் பட்டன்களோடு தமிழில் ஸ்கிரீன்
* பதிவைச் சேமிக்கும் ஏ.பி.ஐ.
* சிக்னல் இல்லாதபோது போனிலேயே வைத்திருக்கும் வசதி
* விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில், வெயிலில் வைத்துச் சோதிப்பது

ஒரு டாஸ்க் ஒரு நாளுக்குள் முடிந்தால் நல்லது. இரண்டு நாளுக்கு மேல் "இன்னும் போயிட்டிருக்கு" என்றால், அதற்குள் நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். உடைத்துப் பார்த்தால் அது வெளியே வந்துவிடும்.

இன்னொன்று, எல்லா ஸ்டோரியையும் முதல் நாளே டாஸ்க்காக உடைக்க வேண்டாம். அடுத்த இரண்டு வாரத்தில் தொடப்போகும் ஸ்டோரியை மட்டும் உடைத்தால் போதும். அக்டோபரில் செய்யப்போகும் வேலைக்கு ஜூலையில் எழுதும் டாஸ்க் பெரும்பாலும் மாறிப்போயிருக்கும்.

சூளையில் இருந்து ஒரு பாடம்

எபிக் பிரித்தாச்சு. முதல் எபிக்கை முழுவதுமாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகலாமா? தேவையில்லை. சொல்லப்போனால், அது ஆபத்து.

புது டிசைனில் ஆயிரம் விளக்கு செய்யப்போகிறவர் ஆயிரத்தையும் வார்த்துக் காயவைத்துவிட்டு, பிறகு கிளேஸ் ஒட்டுமா என்று யோசிக்கமாட்டார். ஒன்றிரண்டு மாதிரியை முதலில் அச்சில் இருந்து கடைசிச் சூடு வரை எல்லாக் கட்டமும் தாண்டவைத்துப் பார்ப்பார். எங்கே விரிசல் விடுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

சாஃப்ட்வேரிலும் அதேதான். ஐந்து எபிக்கில் இருந்தும் மிக மிக எளிமையான ஸ்டோரியை ஒவ்வொன்றாக எடுத்து, முதல் இரண்டு வாரத்தில் ஒரே ஒரு ஆர்டர் போன் அழைப்பில் தொடங்கி வசூல் வரை போகும்படி செய்துவிடுங்கள். பார்க்க அழகாக இருக்காது. டிசைன் படம் இருக்காது, ஜி.எஸ்.டி. ரிப்போர்ட் இருக்காது. ஆனால் பட்டறைக்காரர் கையில் வைத்துப் பார்த்து, "இது சரிப்பா, ஆனா எங்க கடைக்காரங்க அட்வான்ஸ் குடுப்பாங்களே, அத எங்க போடுறது?" என்று கேட்பார். அந்தக் கேள்வி இரண்டாவது வாரத்தில் வருவதற்கும் எட்டாவது வாரத்தில் வருவதற்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் லாபம்.

ஜெஃப் பேட்டன் என்ற வல்லுநர் இதற்கு ஒரு எளிய வழி சொல்கிறார். பெயர், ஸ்டோரி மேப்பிங். ஒரு சுவரில் இடமிருந்து வலமாக வேலை நடக்கும் வரிசையை ஒட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே அதற்கான ஸ்டோரிகளை, மிக அவசியமானது மேலே வரும்படி ஒட்டுங்கள். பிறகு குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே இருப்பது முதல் வெளியீடு. கீழே இருப்பது அப்புறம். இதற்கு சாஃப்ட்வேர்கூட வேண்டாம், பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும்.

கணக்கு போட்டால்தான் உண்மை தெரியும்

நம்ம ஆப்புக்கு மொத்தம் 34 ஸ்டோரி வந்தது என்று வைத்துக்கொள்வோம். 8 வாரம் என்றால் இரண்டு வார ஸ்பிரின்ட் நான்கு. முதல் ஸ்பிரின்ட்டில் இரண்டு பேர் சேர்ந்து 5 ஸ்டோரி முடித்தீர்கள். அதே வேகம் என்றால் செப்டம்பருக்குள் 20 ஸ்டோரிதான் முடியும். 14 வெளியே நிற்கும்.

இந்த எண் ஜூலை நடுவிலேயே தெரிந்துவிட்டது என்பதுதான் விஷயம். உடனே பட்டறைக்காரரிடம் பேசலாம்: "அண்ணே, இந்த 34-ல கார்த்திகைக்கு முன்னாடி கண்டிப்பா வேணுங்கறது எது? டிசைன் போட்டோ, ஆட்கள் சம்பளக் கணக்கு, வருஷ ரிப்போர்ட் எல்லாம் ஜனவரில பண்ணிக்கலாமா?" ஆர்டர் பதிவும் உடைசல் கணக்கும் இல்லாமல் தீபம் வந்தால் நஷ்டம். போட்டோ இல்லாமல் வந்தால் நஷ்டமில்லை. இந்த முடிவை எடுக்க வேண்டியவர் அவர். அதை எடுப்பதற்கான பட்டியலைத் தயாரித்துத் தர வேண்டியவர் நீங்கள்.

பட்டியல் இல்லை என்றால் என்ன ஆகும்? எல்லாமே பாதிப் பாதி முடிந்து நிற்கும். "90 சதவீதம் முடிஞ்சுது அண்ணே" என்று மூன்று மாதம் சொல்ல வேண்டிவரும். நடுவில் "இதையும் கொஞ்சம் சேர்த்துடுப்பா" என்று வருவதற்கு மறுப்பு சொல்லவும் வழியிருக்காது. ஸ்டோரிப் பட்டியல் கையில் இருந்தால் பதில் எளிது: "சேர்க்கலாம் அண்ணே. இதுல எதை எடுத்துட்டு சேர்க்கணும், நீங்களே சொல்லுங்க." பணத்தையும் "30 சதவீதம், 60 சதவீதம்" என்று மேலோட்டமாகப் பேசாமல், முடிந்து ஏற்கப்பட்ட ஸ்டோரிகளை வைத்துப் பேசினால் இரண்டு பக்கமும் மனஸ்தாபம் வராது.

பெரிய திட்டங்களில் இது எடுபடுமா?

அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அனுபவம் இதற்கு நல்ல உதாரணம். காகிதக் கோப்புகளைக் கணினிக்கு மாற்றும் அதன் முதல் முயற்சியான வெர்ச்சுவல் கேஸ் ஃபைல், சுமார் 17 கோடி டாலர் செலவான பிறகு 2005-ல் கைவிடப்பட்டது. அடுத்து 2006-ல் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்திடம் சென்டினல் என்ற திட்டம் ஒப்படைக்கப்பட்டது. அதுவும் இழுத்துக்கொண்டே போனது.

2010-ல் எஃப்.பி.ஐ. அந்தத் திட்டத்தின் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டது. தேவைகளை 670 யூசர் ஸ்டோரிகளாகப் பிரித்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முடிந்ததை இயக்கிக் காட்டச் சொன்னது. நினைத்த தேதியில் முடியவில்லை, தாமதம் ஆகத்தான் செய்தது. ஆனால் எவ்வளவு முடிந்தது, எவ்வளவு மிச்சம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. 2012 ஜூலையில் சென்டினல் பயன்பாட்டுக்கு வந்தது.

வரிசை தப்பினால் யாருக்கு நஷ்டம்?

ஸ்டோரிகளை எந்த வரிசையில் வைக்கிறோம் என்பது வெறும் அலுவலக விஷயம் இல்லை. நாம் எல்லோரும் பயன்படுத்திய ஒரு தளமே அதற்கு சாட்சி: கோவின்.

அந்தக் குழு உள்ளுக்குள் எந்த முறையில் வேலை செய்தது என்ற ஆராய்ச்சிக்கு நாம் போக வேண்டாம். வெளியே தெரிந்த வரிசையை மட்டும் பார்ப்போம். 2021 ஜனவரி 16-ல் தடுப்பூசி தொடங்கியபோது சுகாதாரப் பணியாளர்கள் மட்டும். பிப்ரவரியில் முன்களப் பணியாளர்கள். மார்ச் 1 முதல் 60 வயதைத் தாண்டியவர்களும், இணைநோய் உள்ள 45 வயதைத் தாண்டியவர்களும். ஏப்ரல் 1 முதல் 45 வயதைத் தாண்டிய எல்லோரும். மே 1 முதல் 18 வயதைத் தாண்டியவர்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் திறக்காமல் ஒவ்வொரு பிரிவாகத் திறந்தது ஒரு வகையில் நல்ல பிரிப்பு. தடுப்பூசி கையிருப்புக்கு ஏற்ற முடிவும்கூட.

ஆனால் 18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்கு ஆன்லைன் பதிவு கட்டாயம் என்று ஆனபோது, ஸ்மார்ட்போன் இல்லாதவர்களும் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்களும் வெளியே நின்றார்கள். மே 24-ல்தான் அரசு மையங்களில் அந்த வயதினர் நேரில் வந்து பதிவு செய்ய அனுமதி வந்தது. டிஜிட்டல் வசதி இல்லாதவர்களின் நிலை என்ன என்று உச்ச நீதிமன்றமும் அந்த மாதக் கடைசியில் கேள்வி எழுப்பியது. தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில் தளம் கிடைத்தது ஜூன் தொடக்கத்தில். இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த வாரங்கள் அதற்குள் கடந்துவிட்டன.

"ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத 25 வயது கூலித் தொழிலாளியாக, என் மொழியில் பதிய வேண்டும்" என்பது ஒரே ஒரு ஸ்டோரி. பட்டியலில் அது மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒருவருக்குத் தடுப்பூசி கிடைக்கும் தேதியை மாற்றுகிறது. அதனால்தான் ஒவ்வொரு ஸ்டோரியும் "யாராக" என்ற கேள்வியோடு தொடங்குகிறது. எழுதும்போது நம் கண் முன்னால் இல்லாத ஆள் யார் என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால், அந்த ஸ்டோரி பட்டியலுக்குள் வந்துவிடும்.

டூல்களில் ஏன் குழப்பம் வருகிறது?

ஒவ்வொரு டூலும் ஒவ்வொரு மாதிரி அடுக்குகிறது. இன்டர்வியூவில்கூட இதைக் கேட்பார்கள்.

* ஜிராவில் வழக்கமான அமைப்பில் எபிக் மேலே இருக்கும். அதற்குக் கீழே ஸ்டோரி, டாஸ்க், பக் மூன்றும் ஒரே மட்டத்தில் இருக்கும். ஸ்டோரியை உடைத்தால் அதற்குக் கீழே வருவது சப்-டாஸ்க்.
* மைக்ரோசாஃப்ட்டின் அஷ்யூர் டெவ்ஆப்ஸின் அஜைல் அமைப்பில் நான்கு படி: எபிக், ஃபீச்சர், யூசர் ஸ்டோரி, டாஸ்க்.
* சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் ஸ்பிரின்ட்ஸ் டூலிலும் எபிக், ஸ்டோரி, டாஸ்க், பக் எல்லாம் உண்டு.

ஆக, ஒரு கம்பெனியில் "டாஸ்க்" என்று சொல்வது இன்னொரு கம்பெனியில் "சப்-டாஸ்க்" ஆக இருக்கலாம். புது டீமில் சேர்ந்தால், "இங்க டாஸ்க்னா எந்த அளவு?" என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். பெயர் எதுவாக இருந்தாலும் பெரிய பலன், பயனரின் ஒரு காரியம், நம் ஒரு நாள் வேலை என்ற மூன்று அளவுகள் தெளிவாக இருந்தால் போதும்.

பெரிய ஸ்டோரியை எப்படி உடைப்பது?

"கடைக்காரரிடம் பணம் வசூலிக்க வேண்டும்" என்று ஒரு ஸ்டோரி இருந்தால் அது இரண்டு வாரத்தில் முடியாது. நான்கு கேள்வி கேளுங்கள்.

* எத்தனை வகை? ரொக்கம், யு.பி.ஐ., செக், கடன். முதலில் ரொக்கம் மட்டும்.
* எத்தனை படி? அட்வான்ஸ், பாதி, முழுப் பணம். முதலில் முழுப் பணம் மட்டும்.
* எத்தனை ஆள்? உரிமையாளர், கணக்குப் பிள்ளை. முதலில் உரிமையாளர்.
* என்னென்ன விதிவிலக்கு? உடைந்த சரக்குக்குக் கழிவு, திரும்பி வந்த சரக்கு. இவை தனி ஸ்டோரி.

நல்ல ஸ்டோரிக்கு ஆறு குணம் வேண்டும் என்று 2003-ல் பில் வேக் சொன்னதை இன்றும் பயன்படுத்துகிறார்கள்: தனித்து நிற்க வேண்டும், பேசி மாற்ற இடம் இருக்க வேண்டும், பயனருக்குப் பலன் தர வேண்டும், நேரம் கணிக்க முடிய வேண்டும், சிறியதாக இருக்க வேண்டும், சோதித்துப் பார்க்க முடிய வேண்டும். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'இன்வெஸ்ட்' என்று வரும்.

கவனிக்க வேண்டிய சில தவறுகள்

* "இதர வேலைகள்" என்று ஒரு எபிக் வைப்பது. அது எந்தக் காலத்திலும் மூடாது. முடியக்கூடியதுதான் எபிக்.
* பேக்கப், பாதுகாப்பு, வேகம் ஆகியவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது. "ஆர்டர் பட்டியல் 3 விநாடிக்குள் திறக்க வேண்டும்" என்பது அந்த ஸ்டோரியின் ஏற்பு நிபந்தனையாகவே இருக்கட்டும். தினசரி பேக்கப்புக்குத் தனி ஸ்டோரி எழுதி, முதல் வெளியீட்டுக் கோட்டுக்கு மேலே வையுங்கள். சீசன் நடுவில் ஆர்டர் விவரம் எல்லாம் அழிந்தால் நோட்டுப் புத்தகமே மேல் என்று ஆகிவிடும்.
* கோட் எழுதியதும் "முடிஞ்சுது" என்று நகர்த்துவது. பட்டறையில் ஒருவர் தன் போனில் பயன்படுத்திப் பார்த்த பிறகுதான் அது முடிந்தது.
* தொழில்நுட்பச் சந்தேகத்தை ஸ்டோரிக்குள் மறைப்பது. "சிக்னல் இல்லாமல் இது வேலை செய்யுமா?" என்று தெரியவில்லை என்றால், இரண்டு நாள் மட்டும் ஒதுக்கித் தனியாக ஆராயுங்கள். இதற்கு ஸ்பைக் என்று பெயர்.

முதல் வாரத்தில் என்ன செய்யலாம்?

1. ஒரு நாள் முழுக்க வேலை நடக்கும் இடத்தில் இருங்கள். யார் யார் என்ன செய்கிறார்கள் என்று எழுதுங்கள். அவர்கள்தான் உங்கள் பயனர்கள்.
2. வேலை நடக்கும் வரிசையில் 4 முதல் 6 எபிக் எழுதி, கிளையன்ட்டிடம் வாசித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரியாத வார்த்தையை அடித்துவிடுங்கள்.
3. ஒவ்வொரு எபிக்குக்கும் தோன்றும் ஸ்டோரிகளை ஒரு வரியில் எழுதுங்கள். விவரம் இப்போது வேண்டாம்.
4. மாற்ற முடியாத தேதி எது என்று கேட்டு, அதற்கு முன் கண்டிப்பாக வேண்டியதற்குக் கோடு போடுங்கள்.
5. முனையில் இருந்து முனை வரை போகும் ஐந்து எளிய ஸ்டோரிகளை எடுத்து, அவற்றுக்கு மட்டும் ஏற்பு நிபந்தனையும் டாஸ்க்கும் எழுதுங்கள்.
6. இரண்டாவது வாரக் கடைசியில் முடிந்ததைக் காட்டுங்கள். எத்தனை முடிந்தது என்று எண்ணி, மீதிக்கு எத்தனை வாரம் ஆகும் என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

ஆறாவதுதான் கொஞ்சம் கஷ்டம். "எல்லாம் முடிஞ்சிரும் அண்ணே" என்று சொல்லத்தான் வாய் வரும். ஆனால் ஜூலையில் "14 ஸ்டோரி முடியாது" என்று கேட்பவருக்கு வேறு ஏற்பாடு செய்ய நேரம் இருக்கிறது. அதையே தீபத்துக்கு முந்தின வாரம் கேட்பவருக்கு அந்த நேரம் கிடையாது.